நந்தனிடம் இரவல் வாங்கிய மெட்டு

பாரதியின் பாடல் தொகுப்புகளில் தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் ராகமும் தாளமும் வர்ணமெட்டும் குறித்திருக்கும். பாடத் தெரிந்தவர்களுக்குச் சொன்னது என்று நம்மில் பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். 1908ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய அரசியல் பாடல்களில் மூன்றின் மெட்டு, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலிருந்து வந்தது. சுயராஜ்யம் கேட்ட இந்தியனை ஆங்கிலேய உத்தியோகஸ்தன் ஏசுவது ஒரு பாட்டு. திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்சு வ.உ.சி.யை மிரட்டுவது இன்னொன்று. திலகர் வந்து காரியத்தைக் கெடுத்துவிட்டாரே என்று மிதவாதிகள் கையைப் பிசைவது மூன்றாவது. இவற்றில் முதல் பாட்டுக்குப் பாரதி எடுத்துக்கொண்ட மெட்டு எது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மார்கழித் திருவாதிரைக்குச் சிதம்பரம் போக ஆசைப்பட்ட பண்ணையாள் நந்தனை, அவனுடைய ஆண்டையான வேதியர் வாயில் வந்தபடி வைகிற பாட்டின் மெட்டு அது.

வேதியர் இருந்த இடத்தில் வெள்ளைக்காரன். நந்தன் நின்ற இடத்தில் பாரத தேசம். அன்றைக்கு இதைக் கேட்டவர்களுக்குப் பொழிப்புரை வேண்டியிருந்திருக்காது. தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் போன்றவர்கள் கதாகாலட்சேபமாகச் சொல்லிச் சொல்லி, நந்தன் கதை தமிழ் நடுத்தர வர்க்கத்தின் காதில் ஊறிப்போயிருந்தது. மெட்டின் முதல் சங்கதியிலேயே யார் ஆண்டை, யார் அடிமை, தெய்வம் யார் பக்கம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். அரசியல் கவிஞனுக்கு இதைவிட வசதியான கருவி வேறென்ன வேண்டும்?

ஆனால் இரவல் என்று ஒன்று இருந்தால் கொடுத்தவர் என்று ஒருவரும் இருப்பார். தமிழ்த் தேசியக் கவிதை, விடுதலையைக் கேட்பதற்குக் காவிரிப் படுகைப் பண்ணையாளின் குரலை வாங்கிக்கொண்டது. நாடு விடுதலை பெற்றது, வாங்கியது திரும்பவில்லை. 1947க்குப் பிறகு தமிழில் எழுந்த சமத்துவக் கவிதையின் பெரும்பகுதியை அந்த இரவலைத் திருப்பிக் கேட்ட குரலாகவே நான் படிக்கிறேன்.

கொடுத்தவரிடமிருந்தே தொடங்கலாம். சேக்கிழாரின் பெரிய புராணத்தில் திருநாளைப்போவார் புராணம் சிறியது. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிடுகிறது. தில்லைக்குப் போக வேண்டும் என்ற ஆசை எழும்போதெல்லாம் தன் பிறப்பை நினைத்துத் தயங்கி, நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போடுகிறார். அங்கே ஆண்டை கிடையாது. தடை முழுவதும் நந்தனாரின் மனத்துக்குள் இருக்கிறது.

நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயவரம் பக்கத்து ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் இந்தக் கதையை எடுத்தபோது ஒரு பெரிய வேலை செய்தார். தடையை மனத்திலிருந்து எடுத்து வயலில் வைத்தார். அவருடைய நந்தன் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்வதற்குக் காரணம், ஆண்டை உத்தரவு கொடுக்கவில்லை. வேதியர் என்ற பாத்திரம் சேக்கிழாரிடம் இல்லாதது. படுகை கிராமங்களை நேரில் பார்த்த ஒருவரால்தான் அதைப் படைத்திருக்க முடியும். நாற்பது வேலி நிலத்தையும் பயிரிட்டு முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்று வேதியர் சொல்கிறார். ஒரு வேலி என்பது இருபது மா, ஏறக்குறைய 6.6 ஏக்கர். நாற்பது வேலி 260 ஏக்கரைத் தாண்டும். எந்தச் சேரியும் ஒரே மூச்சில் செய்து முடிக்க முடியாத வேலை. இறைவன் அருளால் ஒரே இரவில் பயிர் விளைந்து நிற்கிறது. வேதியர் நந்தன் காலில் விழுகிறார்.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கவிஞருக்கு அற்புதம்தான் கிடைத்தது என்று குறை சொல்லலாம். நானும் அதைக் குறையாகத்தான் பார்க்கிறேன். ஆனால் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்பதை அவருக்கு முன் எந்தத் தமிழ்க் கவிஞரும் இவ்வளவு துல்லியமாகக் காட்டவில்லை. பக்தனுக்கும் கடவுளுக்கும் நடுவில் நிற்பது உத்தரவு. அந்த உத்தரவுக்குப் பின்னால் நிற்பது நிலம்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். கம்பெனி அரசின் 1843ஆம் ஆண்டுச் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. அடிமையை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நந்தனார் கீர்த்தனை அச்சேறியதும் அந்த 1860களின் தொடக்கத்தில்தான். காரைக்காலில் பிரெஞ்சு அரசின் அதிகாரியாக இருந்த சீசையா என்பவர் கேட்டு மனம் உருகிப் பதிப்பிக்க வைத்தார். சட்டப் புத்தகத்தில் அடிமை மறைந்த நேரத்தில் கீர்த்தனையில் அடிமை பேசத் தொடங்கினான். வயலில் எதுவும் மாறவில்லை. முன்பு அடிமையாக இருந்தவர் குடியிருப்பு மனையாலும் வாங்கிய கடனாலும் அதே பண்ணையில் கட்டப்பட்டார். ஆண்டை என்ற விளி அப்படியே நீடித்தது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் வாங்கக் கோபாலகிருஷ்ண பாரதியார் பட்ட பாட்டை உ.வே.சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். பெரிய புராணத்துக்கு மாறுபட்டது, மொழியில் பிழைகள் உண்டு என்று பிள்ளைக்கு மனத்தடை. பாரதியார் பலமுறை வந்து திரும்பினார். ஒருநாள் பிற்பகல் பிள்ளை ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து தமக்குத் தாமே பாடிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து அதைக் கேட்ட பிள்ளை மனம் இளகிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். புலவர் பிழையாகக் கண்ட மாறுபாடு, அதாவது வேதியர் என்ற அந்தப் புதுப் பாத்திரம், இன்றைக்கு அந்த நூலின் உயிர் என்று தோன்றுகிறது.

இதை எழுதிவைத்த சாமிநாதையரின் சொந்த ஊரான உத்தமதானபுரம் இப்போது திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் வட்டத்தில் இருக்கிறது.  வலங்கைமான் கும்பகோணத்துக்குத் தெற்கே, குடமுருட்டி பாயும் நெல்வயல் ஊர். நம் விஷயத்துக்கு வேண்டிய இன்னொருவரும் இங்கே பிறந்தவர்தான். வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி, 1869 செப்டம்பர் 22. ஏழைப் புரோகிதக் குடும்பம், கும்பகோணத்தில் படிப்பு, பிறகு பள்ளி ஆசிரியர், தலைமையாசிரியர். 1907இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார். ஆங்கிலப் பேச்சில் வெள்ளிநாவினர் என்று பெயர் பெற்றவர்.

பாரதியின் கேலிக்கு ஆளான மிதவாதிகளின் வரிசை இது. கோகலேயையே சாமியாராக்கி, வள்ளலார் பாட்டு ஒன்றைத் திரித்துப் பாரதி பாடியிருக்கிறார். சாஸ்திரி அந்தச் சாமியாரின் தலைமைச் சீடர். எனினும் சமத்துவம் என்ற சொல்லை உலக மேடையில் அன்று அவரளவுக்கு எடுத்துச் சென்ற தமிழர் குறைவு. பிரிட்டிஷ் டொமினியன்களில் குடியேறிய இந்தியர்களுக்குச் சம குடியுரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை 1921ஆம் ஆண்டின் சாம்ராஜ்ய மாநாட்டில் வாதாடி நிறைவேற்றியவர் அவர். தென்னாப்பிரிக்கா அதை ஏற்கவில்லை. மறு ஆண்டு அந்தத் தீர்மானத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று சுற்றினார். 1927 முதல் 1929 வரை தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக இருந்தார். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்காக 1929இல் திறக்கப்பட்ட கல்லூரிக்கு அவர் பெயர்தான்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ‘டிரூரோ’ கப்பல் நேட்டாலில் போய் நின்றது 1860 நவம்பர் 16. நந்தனார் கீர்த்தனை அச்சுக்குப் போன அதே காலம். ஆண்டையிடம் உத்தரவு கேட்டுக் காத்திருக்காமல் கடல் தாண்டியவர்களும் அந்த மாதிரிக் கப்பல்களில் இருந்திருப்பார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குச் சமத்துவம் கேட்டு வலங்கைமான்காரர் ஒருவர் கேப்டவுனில் பேசினார். அதே ஆண்டுகளில் அவர் பிறந்த தாலுகாவின் களத்துமேடுகளில் நந்தனின் பேரப்பிள்ளைகள் மரக்கால் நெல்லுக்குக் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள். சாஸ்திரி மிராசுதார் இல்லை. அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் என் நோக்கமில்லை. தேசியத்தின் கண் எவ்வளவு தூரத்தைப் பார்த்தது, எதைப் பார்க்காமல் விட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தீவிரவாதி, மிதவாதி என்ற வேறுபாடு இங்கே உதவாது. கேலி செய்த பாரதிக்கும் கேலிக்குள்ளான கோகலே கூட்டத்துக்கும் ஆண்டை வெள்ளைக்காரன்தான்.

பாரதியை அத்தோடு விட்டுவிட முடியாது. தான் வாங்கிய இரவல் அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிற்பாடு அவர் எழுதிய சுதந்திரப் பள்ளு அதற்குச் சாட்சி. அதற்குப் பள்ளர் களியாட்டம் என்று இன்னொரு தலைப்பும் கொடுத்தார். பள்ளு பழைய சிற்றிலக்கிய வகை; முக்கூடற் பள்ளு அதில் பேர்பெற்றது. அந்த வகையில் பள்ளன், அவனுடைய இரண்டு மனைவியர், பண்ணைக்காரன் ஆகியோர் தவறாமல் வருவார்கள். வேலையில் குறை வைத்தான் என்று பண்ணைக்காரன் பள்ளனைக் காலைப் பிணைக்கும் தொழுமரத்தில் மாட்டுவான். மூத்த பள்ளி கெஞ்சி மீட்பாள். விதை வகையும் மாட்டு வகையும் மழைக்குறியும் அழகு சொட்டச் சொட்ட வருகிற அந்த நூல்களில், தொழுமரத்தில் கிடக்கும் மனிதன் சிரிப்பு மூட்டுவதற்காக வருகிறான்.

பாரதியின் பள்ளில் பண்ணைக்காரன் கிடையாது, தொழுமரம் கிடையாது. சுதந்திரம் வந்துவிட்டது என்று பாவித்துக்கொண்டு பள்ளர்கள் தாமே ஆடிப்பாடுகிறார்கள். பிராமணனுக்கும் வெள்ளையனுக்கும் குனிந்து மரியாதை செய்த காலம் தீர்ந்தது என்கிறார்கள். உழைப்பை வணங்கி, உட்கார்ந்து தின்பவனைப் பழிக்கிறார்கள். நிலத்தைத் தங்களுடையது என்கிறார்கள். நந்தன் மெட்டில் எழுதியபோது தேசத்தைப் பண்ணையாளாக வேடம் கட்டிய கவிஞர், இங்கே பண்ணையாளையே பேசவிட்டார். ஒரு மனிதன் தன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக்கொடுத்த சீட்டு மாதிரி இருக்கிறது இந்தப் பாட்டு. 1921இல் அவர் இறந்தபோது சீட்டு அப்படியே இருந்தது.

பிறகு அந்தப் பாட்டுக்கு நேர்ந்தது விசித்திரம். 1947 தொடக்கத்தில், விடுதலைக்குச் சில மாதங்களுக்கு முன்பே, ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் குரலில் ஒலித்தது. ஆகஸ்டில் விடுதலையை ஒட்டி அகில இந்திய வானொலியிலும் பட்டம்மாள் பாரதி பாடல்களைப் பாடினார். அந்தக் குரலின் கம்பீரத்துக்கு யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளர் களியாட்டம் என்ற தலைப்பு மெல்ல உதிர்ந்துபோய், தேசத்தின் பொதுக் கொண்டாட்டப் பாட்டாக அது மாறியது. ஆடுபவர் யார் என்று கேட்க ஆளில்லை.

தஞ்சை மாவட்டத்தின் கிழக்கே அப்போது நடந்துகொண்டிருந்ததை வேறொரு வரலாறு சொல்கிறது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பி.சீனிவாசராவ் கம்யூனிஸ்ட் கட்சியின் ஊழியராகப் படுகைக்கு வந்து, 1943இல் தென்பரை கிராமத்தில் விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். அடித்தால் திருப்பி அடிக்கச் சொன்னார் என்பது இன்றும் கீழத்தஞ்சையில் சொல்லப்படுகிறது. சவுக்கடியும், சாணியைக் கரைத்து வாயில் ஊற்றும் சாணிப்பால் தண்டனையும் கூடாது என்று 1944இல் மன்னார்குடியில் மிராசுதார்களோடு ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அடிக்கக் கூடாது என்பதற்கே ஒரு ஒப்பந்தம் என்றால், அதற்கு முந்தைய நிலையை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்பு, விடுதலை கிடைத்து ஓராண்டுகூட ஆகாத 1948இல் திருச்சிச் சிறையில் இறந்தார். குடியரசு பிறந்த 1950ஆம் ஆண்டின் கோடையில், பட்டுக்கோட்டைப் பக்கம் வாட்டாக்குடி இரணியன் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். வானொலியில் சுதந்திரம் களியாட்டம் போட்ட காலம் இது.

1947இலேயே தமிழ்ஒளியின் ‘வீராயி’ வெளிவந்தது. பாரதிதாசனின் மாணவரான அவர், தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்ணைத் தலைவியாக்கிக் காவியம் எழுதினார். அந்த ஆண்டில் வெளியான கவிதை நூல்களின் கூட்டத்தில் அதற்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு. தமிழ்ஒளி 1965இல் நாற்பது வயதில் இறந்துபோனார்.

துணைக்கண்டத்தின் மறுகோடியிலும் அதற்கு அப்பாலும் இந்த விரிசலைக் கண்டவர்கள் இருந்தார்கள். லாகூரில் ஃபைஸ் அகமது ஃபைஸ் 1947 ஆகஸ்டு விடியலைக் கறை படிந்ததாகப் பார்த்து எழுதிய உருதுக் கவிதை உலகப் புகழ் பெற்றது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1936இல், அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், அமெரிக்கா தனக்கு ஒருபோதும் அமெரிக்காவாக இருந்ததில்லை என்ற குற்றச்சாட்டைக் கவிதையாக்கினார். ஹியூஸ் தன் மக்களின் வலியைத் தன் குரலிலேயே பேசினார். தமிழில் பண்ணையாளின் வலி முதலில் கோபாலகிருஷ்ண பாரதியார் என்ற அந்தணர் வாயிலும், பிறகு தேசியவாதி வாயிலும், அதன்பின் கர்நாடக சங்கீத மேடையிலும் ஒலித்தது. சேரியின் சொந்த வாய்க்கு அது வந்துசேர நெடுங்காலம் பிடித்தது.

இந்த இடத்தில் அம்பேத்கரைக் குறிப்பிட வேண்டும். தீண்டப்படாதோர் யார் என்ற ஆய்வுநூலை 1948இல் வெளியிட்டபோது அதை மூன்று பக்தர்களின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். அவர்களில் ஒருவர் நம் நந்தனார். மற்றவர்கள் ரவிதாசும் சோகாமேளரும். மறு ஆண்டு நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, அரசியலில் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரே மதிப்பு என்று ஒப்புக்கொண்டுவிட்டுச் சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அதை மறுக்கும் முரண்பாட்டுக்குள் நாம் நுழையப்போகிறோம் என்று எச்சரித்தார். தமிழ்நாட்டில் நந்தன் பெயரைப் பாட்டிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு வைத்தவர் சுவாமி சகஜானந்தா. சிதம்பரத்தில் 1916இல் அவர் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகம் பல தலைமுறைகளைப் படிக்க வைத்தது. கீர்த்தனையைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்களும், 1935இல் கே.பி.சுந்தராம்பாளை நந்தனாராக நடிக்க வைத்து ஒரு லட்சம் ரூபாய் கொடுத்த படத்துறையும் செய்யாததை ஒரு சாமியார் செய்தார்.

சட்டங்கள் வராமல் இல்லை. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் நூற்றுக்கு நாற்பது, பண்ணையாளுக்கு நிர்ணயித்த கூலி. மிராசுதார்கள் பலர் பண்ணையாட்களைக் கணக்குத் தீர்த்து அன்றாடக் கூலிகளாக ஆக்கிக்கொண்டார்கள். தஞ்சை மாவட்டத்தில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தங்கி ஆராய்ந்த கேத்லீன் கஃப், ஆந்த்ரே பெத்தேல் இருவரின் நூல்களிலும் அக்ரகாரம், குடியானவர் தெரு, சேரி என்று பிரிந்து கிடந்த கிராமத்தையும் அதில் நிலம் யாரிடம் இருந்தது என்பதையும் விரிவாகக் காணலாம். 1961இல் வந்த நில உச்சவரம்பு முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கர். வேதியரின் நாற்பது வேலி அதைப் போல எட்டரை மடங்குக்கு மேல். 1970இல் உச்சவரம்பு பதினைந்தாகக் குறைந்தது. ஆனால் கோயில், அறக்கட்டளை நிலங்களுக்கு விலக்கு இருந்தது. பினாமி எழுதிக்கொள்ள வழியும் இருந்தது.

இந்தக் காலத்தின் கவிஞர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்து 1959இல் இருபத்தொன்பது வயதில் இறந்தவர். கம்யூனிஸ்ட் விவசாய இயக்கத்தோடு வளர்ந்தவர். இரணியன் சுடப்பட்டபோது அவருக்கு இருபது வயது. அவரைச் சினிமாப் பாட்டுக்காரர் என்று ஒதுக்கிய விமர்சனத்துக்கு நான் உடன்படுவதில்லை. ‘நாடோடி மன்னன்’ படத்தில் (1958) ஆணும் பெண்ணும் பாடும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.  காடு கழனியெல்லாம் விளைந்தும் உழைத்த கையில் ஏன் ஒன்றும் தங்கவில்லை என்று அவள் கேட்கிறாள். அவன் வரப்போகும் மாற்றத்தைச் சொல்லித் தேற்றுகிறான். நந்தன் கேட்டது போவதற்கு உத்தரவு. இந்தப் பெண் கேட்பது கணக்கு. நந்தன் கீர்த்தனையில் அற்புதம் வந்து மூடிய இடத்தை இவள் மறுபடி திறந்துவிடுகிறாள். ராகமாலிகை எதுவும் வேண்டாத, வண்டியோட்டியும் நடவுப் பெண்ணும் ஒருமுறை கேட்டதும் பாடிவிடக்கூடிய மெட்டில் அது அமைந்தது. படுகையின் கேள்வி படுகையின் வாய்க்கே திரும்பியது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு, நாகப்பட்டினத்தை அடுத்த கீழ்வெண்மணியில் அரைப்படி நெல் கூலி உயர்வையும் செங்கொடியையும் ஒட்டிய தகராறில் தாழ்த்தப்பட்ட கூலி விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் மிராசுதார்கள் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெரும் நிலமும் காரும் வைத்திருக்கும் கனவான்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற பொருளில் தீர்ப்பில் வந்த வாசகம், அன்றிலிருந்து இன்றுவரை தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நினைக்கப்படுகிறது. தில்லையில் நந்தனைக் கோயிலுக்குள் விடுவதற்கு நெருப்பில் இறங்கச் சொன்னது கதை. கதையில் நெருப்பு அவனைத் தூய்மையாக்கி முனிவர் கோலத்தில் வெளியே விட்டது. வெண்மணியில் அப்படி யாரும் வெளியே வரவில்லை. நந்தன் கதையின் முடிவைப் புனிதம் என்று மட்டும் இனி யாராலும் படிக்க முடியாதபடி அந்த இரவு செய்துவிட்டது. இந்திரா பார்த்தசாரதி வெண்மணியைப் பின்னணியாக்கி ‘குருதிப்புனல்’ நாவலை எழுதியவர். அவரே பின்னர் ‘நந்தன் கதை’யை நாடகமாக எழுதியதும் தற்செயலாக எனக்குப் படவில்லை.

கவிதையில் இரண்டு பதில்களைச் சொல்லலாம். ஒன்று, மாயவரத்துப் பக்கம் திருஇந்தளூரில் பிறந்த ஞானக்கூத்தனின் ‘கீழ்வெண்மணி’. சிறிய கவிதை. மறுநாள் காலை ஊரார் கூடி, எரிந்து கிடப்பவை என்னென்ன என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணும் காட்சி மட்டும் அதில் இருக்கிறது. கோஷம் இல்லை, யார் பெயரும் இல்லை. புதுக்கவிதைக்காரர்களுக்குச் சமூக அக்கறை கிடையாது என்று எழுபதுகளில் பேசியவர்கள் இந்தக் கவிதையைத் தாண்டித்தான் பேச வேண்டியிருந்தது. ஆனால் அதில் பேசுபவர் பார்வையாளர். சாம்பலுக்கு வெளியே நிற்கிறார்.

மற்றொன்று இன்குலாப்பின் ‘மனுசங்கடா’. கீழக்கரையில் 1944இல் சாகுல் அமீதாகப் பிறந்து, சென்னைப் புதுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். அவருடைய பாட்டில் பேசுபவர்கள் எரிக்கப்பட்டவர்களின் பக்கத்து மக்கள், பன்மையில் பேசுகிறார்கள், உத்தரவு கேட்கவில்லை, அருள் கேட்கவில்லை. கே.ஏ.குணசேகரன் பறையோடு சேர்த்து அதைப் பாடியபிறகு ஊர் ஊராக, மேடை மேடையாகப் போய் எழுதியவர் பெயர் தெரியாதவர்களும் பாடும் பாட்டாகிவிட்டது. இன்குலாப் 2016 டிசம்பரில் காலமானார். மறு ஆண்டு அவருடைய ‘காந்தள் நாட்கள்’ தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி விருது அறிவித்தபோது, அரசு விருது வேண்டாம் என்று குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள். நந்தன் பாட்டின் இரவல் தொடங்கி இங்கே வந்து நிற்கும் கோட்டில் அது பொருத்தமான முடிவு என்பேன். கணக்குத் தீராமல் பாராட்டை மட்டும் வாங்கிக்கொள்ள அவர்கள் ஒப்பவில்லை.

தீராத கணக்கு என்று சொல்வதற்குப் புள்ளிவிவரமும் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவாரூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 34 பேர் பட்டியல் சாதியினர். மாநிலச் சராசரி 20. வலங்கைமான் 2008 மறுவரையறையில் மறையும்வரை தனித்தொகுதியாக இருந்து சட்டமன்றத்துக்கு உறுப்பினர்களை அனுப்பியது. 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம், மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. வீட்டைவிட்டுத் துரத்திவிடுவேன் என்ற மிரட்டல் அதோடு செத்தது. இது சின்ன வெற்றியில்லை. ஓட்டு கிடைத்தது, மனை கிடைத்தது, சவுக்கு போயிற்று. நிலத்தைத் தங்களுடையது என்று பாரதியின் பள்ளர்கள் பாடிய வரி மட்டும், பெரும்பாலான சேரிகளுக்கு இன்னும் பாட்டாகவே இருக்கிறது.

ஆகஸ்டு 15 அன்று பள்ளிக்கூட மேடையில் பிள்ளைகளைச் சுதந்திரப் பள்ளு பாட வைக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பாரதி அதற்கு வைத்த இரண்டாவது தலைப்பையும் சேர்த்து ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். பாடுகிற பிள்ளைகளுக்கு முன்கூட்டியே, பள்ளு என்றால் என்ன, அதில் பண்ணைக்காரன் எங்கே போனான், இந்தப் பாட்டுக்கும் நந்தன் கீர்த்தனைக்கும் வெண்மணிக்கும் என்ன உறவு என்று ஒரு வகுப்பு நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள்.